ரை மாவும் மலைவாழைப்பழமும்: கொடைக்கானல் அடுப்பில் ஒரு கேக்

ரை (rye) என்னும் தானியத்தின் மாவை முதன்முறை வாங்கியபோது, மைதாவே இல்லாமல் முழுவதும் அதைக் கொண்டே நான் சுட்ட கேக், கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும் களியாக முடிந்தது. தவறு மாவினுடையது அன்று. ரையில் குளூட்டன் என்னும் புரதம் இருந்தாலும் அது கோதுமையைப் போல வலை பின்னி மாவைத் தூக்கிப் பிடிப்பதில்லை. அதிலுள்ள பென்டோசன் என்னும் நார்ப்பொருளோ தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிப் பிசின்போல் ஆகிவிடுகிறது. உப்பி எழ வேண்டிய ரொட்டிக்கு இது தொல்லை என்றாலும், ஈரம் காக்க வேண்டிய கேக்குக்கு இதுவே துணையாகிறது. ஆகவே, தொடங்குபவர்கள் மொத்த மாவில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் ரையாக வைத்துக்கொள்வது நல்லது.

ரையைக் கம்பு என்று எண்ணிவிடாதீர்கள். இது வட ஐரோப்பியக் குளிரில் விளையும் வேறு தானியம். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது.

தேவையானவை: ரை மாவு 80 கிராம், மைதா 120 கிராம், தோலுரித்த மலைவாழைப்பழம் 300 கிராம், கெட்டித் தயிர் 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், வெண்ணெய் 80 கிராம், முட்டை 2, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலக்காய்த்தூள். பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாச்சிப் பழம் கிடைத்தால் அதையே எடுங்கள். அதன் சதையில் நீர் குறைவு என்பதால்தான் தயிரைச் சேர்த்திருக்கிறேன்.

முதல் படியாக, பழத்தை நன்றாக மசித்து, தயிரையும் ரை மாவையும் அதில் கலந்து, அரைமணி நேரம் மூடி வையுங்கள். இந்த ஊறலைத் தவிர்த்தால் ரையின் தவிடு நாவில் நறநறக்கும். சோடாவை இப்போதே போட்டுவிடக் கூடாது. தயிரின் புளிப்பு பட்டதும் அது பொங்கத் தொடங்கி, கேக் அடுப்புக்குள் போகும் முன்பே வலுவிழந்துவிடும்.

அடுத்து, வெண்ணெயையும் சர்க்கரையையும் குழையுங்கள். டிசம்பர் குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கும். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, ஊறிய கலவையையும் ஊற்றுங்கள். மைதா, சோடா, உப்பு, ஏலக்காய் ஆகியவற்றை ஒன்றாகச் சலித்து, கடைசியில் கரண்டியால் மெதுவாகப் புரட்டினால் போதும்.

மலையூர் அடுப்புக்கென்று ஒரு கணக்கு உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மாவுக்குள் உண்டாகும் வாயுவும் சமவெளியில் விரிவதைவிட அதிகமாக விரிவதால், கேக் வேகமாக எழும்பி, உள்ளே இறுகும் முன்பே நடுவில் குழிந்துபோகிறது. மதுரையில் முக்கால் தேக்கரண்டி சோடா போடுபவர் இங்கே அரைத் தேக்கரண்டியோடு நிற்பதும், 170 டிகிரிக்குப் பதில் 180 டிகிரியில் சுடுவதும் இதனால்தான்.

வெண்ணெய் தடவிய 8 அங்குல நீள டின்னில் ஊற்றி, 45 முதல் 50 நிமிடம் வரை சுடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் வட்ட டின்னைப் பயன்படுத்தி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்துச் சிறுதீயில் சுடலாம். நேரம் சற்றுக் கூடும். நடுவில் குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு பொடிகள் மட்டும் ஒட்டி வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

சூட்டோடு வெட்டும் ஆசையை அடக்குவதுதான் கடினம். ஆறுவதற்குள் வெட்டினால் ரை பிசுபிசுக்கும். முழுதும் ஆறியபின் துணியில் சுற்றி மூடி வைத்து மறுநாள் காலை வெட்டினால், துண்டுகள் உதிராமல் வருவதோடு, ரையின் மண்வாசனை கலந்த இலேசான புளிப்பும் நாட்டுச் சர்க்கரையின் இனிப்போடு கூடித் தெளிவாகத் தெரியும். அந்தச் சுவை பிடித்துப்போனால், அடுத்த முறை ரையை 100 கிராமாக உயர்த்தி, மைதாவை அதே அளவுக்குக் குறைத்து, தயிரை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிப் பாருங்கள்.