வயதான பெற்றோருக்கான சட்ட, பண, பராமரிப்பு ஏற்பாடுகள்: எங்கிருந்து தொடங்குவது?

பெற்றோருக்கு வயதாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் நினைப்பது உயிலைத்தான். உயில் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அது ஒருவர் இறந்த பிறகுதான் செயலுக்கு வரும். குடும்பங்கள் திணறிப்போவது அதற்கு முந்தைய காலத்தில். அப்பா உயிரோடு இருக்கிறார், பக்கவாதம் வந்து பேச்சில்லை. அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பி வருகிறது. பணம் அவர்களுடையது, செலவும் அவர்களுக்கே. ஆனால் எடுத்துச் செலவு செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை. அதனால் இந்த விளக்கத்தை அந்தக் காலத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். கீழே வரும் ஆவணங்கள் எல்லாவற்றிலும் பெற்றோர் தெளிந்த மனநிலையில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தெளிவு போன பிறகு செய்ய வழியில்லை.

படி 1: பேச்சைத் தொடங்குங்கள்

"சொத்தை என்ன செய்யப்போறீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மரணத்தையும் பங்கையும் விட்டுவிட்டு, நடைமுறைக் கேள்வியாகக் கேளுங்கள்: "அப்பா, நீங்க திடீர்னு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியதாயிட்டா, எந்தெந்த பில்லை நான் கட்டணும்? எந்த டாக்டருக்குப் போன் பண்ணணும்?" இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. பதில் வரவர மற்றவையும் தானாக வரும்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால், என்ன பேசினீர்கள் என்பதை அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒருவர் மட்டும் ரகசியமாக ஏற்பாடு செய்தார் என்ற சந்தேகம்தான் பின்னாளில் வழக்காகிறது. பெற்றோர் மறுத்தால் விட்டுவிட்டு இன்னொரு நாள் பேசுங்கள். நெருக்கி வாங்கிய கையெழுத்து சட்டத்தின் முன் நிற்காது, உறவும் கெடும்.

படி 2: ஒரே கோப்பு

வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை, ஓய்வூதியம், காப்பீடு, கடன், கொடுத்த கைமாற்று, வீட்டுப் பத்திரம், லாக்கர் சாவி, இவை எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு என்று சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம். எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

இரண்டு விஷயங்களை இங்கே கூர்ந்து பாருங்கள். ஒன்று, பெயர். ஓர் ஆவணத்தில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் முழுப்பெயராகவும், மூன்றாவதில் எழுத்துப் பிழையோடும் இருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான் மாறியிருக்கும். அவர்களே நேரில் போய்க் கையெழுத்திட முடிகிற இப்போது திருத்துவது எளிது. இன்னொன்று, அவர்களுடைய கைபேசி எண். வங்கி அனுப்பும் ஓடிபி அத்தனையும் அந்த ஒரு சிம்முக்குத்தான் வருகிறது. அவர் படுக்கையில் இருக்கும்போது ரீசார்ஜ் செய்ய மறந்து அந்த எண் செயலிழந்தால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். அதன் கட்டணத்தைக் கட்டும் பொறுப்பை இன்றே ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கையெழுத்திடும் அதிகாரம்

முழு ஏற்பாட்டிலும் இதுதான் முக்கியம், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. பவர் பத்திரம், அதாவது பெற்றோர் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம், எழுதி வாங்கிவிட்டால் கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, ஒருவர் தன் மனத்திறனை இழந்த பிறகும் செல்லுபடியாகும் நிலையான அதிகார ஆவணம் உண்டு. பணம், சொத்துக்கு ஒன்று, உடல்நலம், பராமரிப்புக்கு ஒன்று என இரண்டு வகை. உரிய அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே பயன்படுத்தலாம். சிங்கப்பூரிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக எழுதி வாங்கினீர்களோ, அந்த நாளில் அந்தப் பத்திரம் உதவாது. கோமாவில் இருக்கும் பெற்றோரின் கணக்கை இயக்க, உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தங்களைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்ட குடும்பங்கள் பல.

அதனால் உங்கள் பெற்றோர் வாழும் நாட்டின் வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அவருக்கு நினைவு தப்பினாலும் இந்தப் பத்திரம் செல்லுமா?" செல்லாது என்றால், அன்றாட மருத்துவச் செலவுக்கான தொகையை மட்டும் இருவரில் யாரும் தனியாக இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைப்பது நடைமுறையில் உதவும். எல்லாச் சேமிப்பையும் அதில் போட வேண்டாம். கூட்டாளியாகச் சேர்க்கப்படுபவர் மீது மற்ற உடன்பிறப்புகளுக்கும் நம்பிக்கை இருக்க வேண்டும். மாதாமாதம் கணக்கு விவரத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது.

படி 4: உயிலும் நாமினியும்

நாமினி, அதாவது தன் மறைவுக்குப் பின் பணத்தைப் பெறக் கணக்கில் பெயர் குறிக்கப்பட்டவர், வாரிசு அல்ல. இந்தியாவில் வங்கிப் பணத்தை நாமினி பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அது உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டத்தின்படியோ உரியவர்களுக்குப் போக வேண்டும். நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே இரண்டும் வேண்டும்: பணம் முடங்காமல் கைக்கு வர நாமினி, அது யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்ல உயில்.

உயிலுக்குப் பொதுவாக இரண்டு சாட்சிகள் தேவை. உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். இங்கிலாந்து போன்ற இடங்களில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதிய பங்கே போய்விடும். சாட்சிகள் பெற்றோரைவிட இளையவர்களாக, பின்னர் தேடினால் கிடைக்கக்கூடியவர்களாக இருக்கட்டும்.

வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றி எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கும் கூரையைக் கையில் வைத்திருப்பதுதான் முதுமையில் பெற்றோருக்கு இருக்கும் கடைசிப் பலம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கிக்கொள்ள இந்தியாவின் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் எண்பது வயதில் தீர்ப்பாயத்தின் படியேறி அதை மீட்பது யாருக்கும் வரக்கூடாத நிலை.

படி 5: என்ன உதவி தேவை என்று அளந்து பாருங்கள்

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்பது அளவீடு ஆகாது. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1963இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் பயன்படுகிறது: குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், தானே உண்ணுதல். இந்த ஆறில் எது தடுமாறுகிறதோ அதற்குத்தான் ஆள் தேவை. இவை தடுமாறுவதற்கு முன்பே பொதுவாக வேறு வேலைகள் தளரும்: பணத்தைக் கையாளுதல், மாத்திரையைச் சரியாக எடுத்தல், கடைக்குப் போதல், போன் பேசுதல்.

பெற்றோரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பதினைந்தாம் தேதி காலியாகியிருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருக்கிறதா? பிரிக்காத கடிதங்கள் குவிந்திருக்கின்றனவா? ஒரே பில் இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறதா? கணக்கில் வரும் தடுமாற்றம் மறதி நோயின் தொடக்க அடையாளமாகவும் இருக்கலாம். மோசடிக்காரர்களின் கையில் சிக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். வங்கியின் குறுஞ்செய்தி எச்சரிக்கை, அவர்கள் சம்மதத்தோடு உங்களுக்கும் வருமாறு செய்யுங்கள்.

அப்படியே எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். பல மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தவை ஒன்றோடொன்று மோதும். டயஸெபாம் வகைத் தூக்க மாத்திரைகளும் டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் விழுந்துவிடும் அபாயத்தையும் கூட்டுபவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவருடைய நேரத்துக்கும் விலை உண்டு. தொலைவில் இருப்பவர் பணம் தருவது, வருடத்தில் சில வாரங்கள் வந்து பொறுப்பேற்பது, பில்களையும் காப்பீட்டையும் கவனிப்பது எனப் பங்கை எழுத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். செலவு முதலில் பெற்றோரின் சொந்த வருமானத்திலிருந்து போகட்டும். அது அவர்களுக்காகச் சேர்த்த பணம்தான்.

படி 6: சிகிச்சை பற்றிய விருப்பம்

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்லத் தயங்குவார்கள். "எந்த நிலை வந்தால் உங்களுக்கு வாழ்வது சுமையாகிவிடும்? உங்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இதை எழுதி வைக்கும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றது. பிரதியைப் படி 2இன் கோப்பில் வைத்து, முடிவெடுக்க வேண்டியவரிடமும் வழக்கமான மருத்துவரிடமும் ஒவ்வொன்று கொடுங்கள். பெட்டியில் பூட்டி வைத்தால் நள்ளிரவில் அவசரப் பிரிவில் அது கிடைக்காது.

வருடத்துக்கு ஒரு முறையும், இருவரில் ஒருவர் மறைந்தாலும், புதிய நோய் கண்டறியப்பட்டாலும், மருத்துவமனையிலிருந்து திரும்பினாலும் கோப்பைத் திறந்து நாமினி, உயில், மருந்துப் பட்டியல் மூன்றையும் திருத்துங்கள்.