அழுத்த அறையின் கதவை மூடும் முன்

கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலேறியவருக்கு வரும் குமிழி நோய், எலும்புவரை இறங்கிய சர்க்கரைப் புண், கதிர்வீச்சால் கெட்ட தாடை எலும்பு, கிருமியால் தசை அழுகி உள்ளே வாயு சேரும் வாயு அழுகல் போன்றவற்றுக்குத்தான், மூடிய அறையில் அழுத்தத்தை ஏற்றித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. ஆட்டிசத்துக்கும் இளமைக்கும் இதை விற்பவர்களிடம் போதிய சான்று கிடையாது.

சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் சுமார் 0.3 மி.லி. ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது 6 மி.லி.யை நெருங்கும். ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய, வெளிக்காற்றில் சுமார் 5 மணி நேரமாகும். அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 23 நிமிடம்.

புண்ணுக்கு 2 முதல் 2.4 வளிமண்டலம், ஒரு அமர்வுக்கு 90 நிமிடம், பெரும்பாலும் 30 முதல் 40 அமர்வுகள். குமிழி நோய்க்கு 2.8-இல் தொடங்கி, இடையிடையே 5 முதல் 15 நிமிடம் சாதாரணக் காற்று கொடுத்து, மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். அந்தக் காற்று இடைவேளையை நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக விட்டுவிடாதீர்கள். மூளையையும் நுரையீரலையும் ஆக்சிஜன் நச்சிலிருந்து காப்பது அதுதான்.

முதலில் மார்பு எக்ஸ்ரே. நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், குழாய் போட்டு வடிக்காமல் உள்ளே அனுப்பவே கூடாது. அழுத்தம் இறங்கும்போது அந்தக் காற்று விரிந்து இதயத்தையே நெரிக்கும். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்தான பிளியோமைசின் போட்டவரா என்றும் கேளுங்கள். மூச்சுக்குழாய் போட்ட நோயாளி என்றால், அதன் பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீர் நிரப்ப வேண்டும்; காற்றாக இருந்தால் அழுத்தத்தில் சுருங்கிக் கசியும்.

அதிகம் தொல்லை தருவது காதுதான். காதுக்குள் இருக்கும் காற்றின் பருமன் மாற்றம் மிகுதியாக இருப்பது தொடக்கத்தில் என்பதால் முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஏற்றுங்கள். வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவதில் பயனில்லை: அழுத்த வேறுபாடு கூடிவிட்டால் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. வலிக்குமுன்பே விழுங்கவும், மூக்கைப் பொத்தி மெல்ல ஊதவும் கற்றுக்கொடுத்து, வெளியிலேயே ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். “அடைக்குது” என்று கை தூக்கினால் ஏற்றுவதை நிறுத்தி, சற்று இறக்கி, மறுபடி முயலுங்கள்.

இன்சுலின் போடுபவருக்கு உள்ளே சர்க்கரை இறங்கக்கூடும். 120-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

தீ விஷயத்தில் சமரசமே வேண்டாம். அறை முழுக்க ஆக்சிஜன் நிரம்பும் ஒற்றையாள் குழாயில் ஒரு பொறியே போதும். முழுப் பருத்தி உடுப்பு மட்டும். வாசலின், தலை எண்ணெய், செல்பேசி, காது கேட்கும் கருவி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். சட்டைப் பைகளை நோயாளியின் வாக்கை மட்டும் நம்பாமல் நீங்களே தடவிப் பாருங்கள்.

உள்ளே வலிப்பு வந்தால் பதறி உடனே அழுத்தத்தை இறக்காதீர்கள். உடல் விறைத்திருக்கையில் குரல்வளை மூடியிருக்கும். இறக்கினால் நுரையீரல் வெடிக்கும். ஆக்சிஜனை நிறுத்திக் காற்றுக்கு மாற்றி, வலிப்பு அடங்கி மூச்சு சீரான பிறகே இறக்குங்கள்.

பல அமர்வுகளுக்குப் பின் தூரப் பார்வை மங்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.