அரை விநாடியில் மூளை செய்யும் வேலை: பேட்டிங் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட்டில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து பேட்ஸ்மேனை வந்தடைய ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. கண்ணில் பட்டதை மூளை உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைக்கத் தொடங்கவே அதில் 200 மில்லிவிநாடி கழிந்துவிடும். மட்டையை வீசி முடிக்கவும் நேரம் வேண்டும். ஆக, பந்து வந்த பிறகு பார்த்து அடிப்பது நடக்காத காரியம். எங்கே விழும், எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் மூளைதான் ரன் எடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெற்றோரும் பயிற்சியாளர்களும் பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குவதைக் கண்டு வருந்தித்தான் இதை எழுதுகிறேன்.

‘பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் பிரமாதம்’ என்று சொல்லித் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. உளவியலாளர் பீட்டர் மெக்லியட் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். விரிப்புக்கு அடியில் மெல்லிய மரக்குச்சிகளை மறைத்து வைத்தார். அவற்றின் மீது விழும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தப் பந்துகளைச் சர்வதேச வீரர்கள் எதிர்கொண்டார்கள். பந்து திரும்பிய பிறகு மட்டையின் போக்கை மாற்ற அவர்களுக்கும் ஏறக்குறைய 200 மில்லிவிநாடி தேவைப்பட்டது. சாதாரண மனிதருக்கு ஆகும் அதே நேரம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பந்து கையை விட்டு விலகுவதற்கு முன்பே. பந்துவீச்சாளரின் காணொளியைப் பந்து விடுபடும் கணத்திலோ அதற்குச் சற்று முன்போ நிறுத்திவிட்டு, ‘என்ன பந்து வரும்?’ என்று கேட்கும் சோதனைகளை ஆஸ்திரேலியாவில் ஷான் முல்லர், புரூஸ் அபெர்னெதி முதலியோர் நடத்தினார்கள். தேர்ந்த பேட்ஸ்மேன்கள் பந்துவீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும் வைத்தே பலமுறை சரியாகச் சொன்னார்கள். கற்றுக்குட்டிகளுக்கு அந்த அசைவுகளில் ஒன்றும் தென்படவில்லை.

இந்த அறிவு எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம். 2004இல் ஒரு காட்சிப் போட்டியில் சாஃப்ட்பால் வீராங்கனை ஜெனி ஃபின்ச், பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலேயே ஆட்டமிழக்க வைத்தார். அவர் வீசிய பந்தின் வேகம் பேஸ்பாலைவிடக் குறைவு, தூரமும் குறைவு. அடிப்பவருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இடுப்புக்குக் கீழிருந்து சுழன்று வரும் அந்தக் கையை வாசிக்க புஹோல்ஸின் மூளை ஒருபோதும் பழகியதில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தவறுக்கு வாருங்கள். சுவரில் மாட்டிய பலகையில் விளக்குகள் மாறிமாறி எரிய, பிள்ளை ஓடியோடித் தட்டும் பயிற்சிக்கு இன்று நல்ல கட்டணம் வாங்குகிறார்கள். செய்யச் செய்ய மதிப்பெண் ஏறும், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஏறுவது விளக்கைத் தட்டும் திறன். அந்தப் பலகையில் மணிக்கட்டும் இல்லை, பந்தின் தையலும் இல்லை. அபெர்னெதியும் வுட்டும் 2001இல் இப்படிப்பட்ட பொதுவான கண் பயிற்சிகளைச் சோதித்தபோது, அவற்றைச் செய்தவர்கள் செய்யாதவர்களைவிட ஆட்டத்தில் முன்னேறவில்லை. கைபேசியில் விளையாடும் ‘மூளைப் பயிற்சி’யும் இதே கதைதான். லுமோசிட்டி நிறுவனம் தன் விளம்பரங்களில் சொன்னவற்றுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2016இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

கண்பார்வையைக் கூர்மையாக்கினால் ஆட்டமும் கூர்மையாகும் என்பதும் இதே வகை நம்பிக்கை. டேவிட் மான் குழுவினர் காண்டாக்ட் லென்ஸ் மூலம் பேட்ஸ்மேன்களின் பார்வையை வேண்டுமென்றே மங்கலாக்கிப் பார்த்தார்கள். கணிசமாக மங்கிய பிறகே ஆட்டம் சரிந்தது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும், அது வேறு விஷயம்.

அடுத்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை: ‘கண்ணை எடுக்காதே, பந்தை மட்டை வரை பார்.’ மைக்கேல் லேண்ட், மெக்லியட் இருவரும் பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவைப் பொருத்திப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. நடப்பது இதுதான். பந்து வெளிப்படும் புள்ளியில் கண் நிலைத்திருக்கிறது. பந்து கிளம்பிய சிறிது நேரத்தில், கண் அதை விட்டுவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்குத் தாவிவிடுகிறது. அங்கே போய்க் காத்திருக்கிறது. பந்து வந்து விழுந்து எழும்போது மறுபடியும் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் தொடர்கிறது. திறமை கூடக் கூட அந்தத் தாவல் முந்துகிறது. கண் தாவும் அந்தக் கணத்தில் மூளை காட்சியைப் பெருமளவு அடக்கிவிடும். ஆகவே பந்தின் பயணத்தில் ஒரு பகுதியை மிகச் சிறந்த ஆட்டக்காரரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை!

மான் குழுவினரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உச்ச நிலை பேட்ஸ்மேன்கள் மட்டையும் பந்தும் சந்திக்கும் இடத்துக்கும் கண்ணை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். அதோடு, பந்தின் திசைக்கு ஏற்பத் தலையைத் திருப்பிக்கொண்டே போகிறார்கள். ‘தலையை ஆட்டாதே’ என்று வளரும் பிள்ளையின் கழுத்தை இறுக வைக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதைவிட, லெங்த்தை, அதாவது பந்து விழும் தூரத்தை, மாற்றி மாற்றிப் போட்டு, பந்து எங்கே விழும் என்று உரக்கச் சொல்லச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

இங்கேதான் பந்துவீச்சு இயந்திரத்தின் குறை தெரிகிறது. ஓடிவரும் உடல் இல்லை, தோள் இல்லை, துளையிலிருந்து பந்து மட்டும் வருகிறது. இளம் ஆட்டக்காரர்களிடம் பிண்டர், ரென்ஷா, டேவிட்ஸ் ஆகியோர் செய்த ஆய்வில், இயந்திரத்தை எதிர்கொள்ளும்போது கால் முன்னே வருவதும் மட்டை பின்னே போவதும் வேறு காலக் கணக்கில் நிகழ்ந்தன. ஒரு ஷாட்டைத் திருத்த இயந்திரம் உதவும். நாள் முழுக்க அதன் முன்னாலேயே நிற்க வைத்தால், பிள்ளை படிக்க வேண்டிய பாடமே இல்லாமல் போகிறது.

ஒரே வகைப் பந்தை வரிசையாகப் போட்டுத் தருவதும் அப்படியே. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் 1994இல் ஹால், டொமிங்கஸ், கவாசோஸ் ஆகியோர் சோதித்தார்கள். மூன்று வகைப் பந்துகளைக் கலந்து எதிர்கொண்டவர்கள், வகை வகையாகப் பிரித்து எதிர்கொண்டவர்களைவிட இரு மடங்குக்கு மேல் முன்னேறினார்கள். பயிற்சி நாளில் கலவைப் பந்துகள் ஆட்டத்தை அசிங்கமாகக் காட்டும். வலைக்கு வெளியே நிற்கும் அப்பா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பயிற்சியை மாற்ற வேண்டாம்.

மூளைப் படங்களை வாசிப்பதிலும் ஒரு பிழை பரவியிருக்கிறது. அதிகம் ஒளிரும் மூளைதான் சிறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிராட்லி ஹாட்ஃபீல்ட் குழுவினர் 1984இல் தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். விசையை அழுத்துவதற்கு முந்தைய விநாடிகளில் மூளையின் இடப்பக்கத்தில் ஆல்ஃபா அலைகள் பெருகின. மொழியோடும் சொற்சிந்தனையோடும் தொடர்புள்ள பகுதி அமைதியடைகிறது என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கைதேர்ந்தவரின் மூளை தேவையற்ற வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் இத்தகைய பதிவை வைத்து, பத்து வயதுக் குழந்தைக்கு எதிர்காலம் உண்டா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த அமைதியைக் குலைப்பவர்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ‘முழங்கையைத் தூக்கு! காலைப் பார்!’ சையன் பெய்லாக் குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், அனுபவமுள்ள கால்பந்து வீரர்களிடம் பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். பழகிய வலக்காலில் அவர்களுடைய வேகம் குறைந்தது. புதியவர்களுக்கோ அதே கவனம் உதவியது. ஆகவே கற்கத் தொடங்கியவனுக்கு முழங்கையைச் சொல்லுங்கள். நன்றாக ஆடுபவனிடம் போட்டி நடக்கும்போது சொல்லாதீர்கள்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் தவறு. தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நின்று ‘ஒன்றுமில்லை’ என்றதும் மறுபடி கிரீஸுக்கு அனுப்புவது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, திரும்ப வந்து 92 ரன் வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலையதிர்ச்சியின் அறிகுறிகள் வெளிப்பட்டன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி இறங்கிய முதல் மாற்று வீரர் அவர்தான். மருத்துவர்கள் சூழ்ந்திருந்த இடத்திலேயே அறிகுறி தாமதமாக வந்தது. தலையதிர்ச்சிக்குப் பிறகு பந்தைத் தொடர்வதும் கண்ணும் கையும் இணைவதும் தடுமாறக்கூடும். அந்த நிலையில் இன்னொரு வேகப்பந்தை எதிர்கொண்டால் விலகிக்கொள்ளவே முடியாமல் போகலாம்.

எனவே அடிபட்ட அன்று ஆட்டம் முடிந்தது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, அதோடு மெதுவான நடை. பிறகு லேசான ஓட்டம், அதன்பின் பந்து இல்லாத பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். தலைவலியோ தலைசுற்றலோ கூடினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். வலையில் வேகப்பந்தை எதிர்கொள்வது மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே.