‘நடக்க முடியல’ மட்டும் போதாது

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மருத்துவர் முன் உட்காரும்போது, பலரும் “கால் வலிக்குது, நடக்க முடியல” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்து இயலாமை எத்தனை சதவீதம் என்று போட முடியாது. நலத்திட்டங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும்.

முந்தின வாரமே வீட்டிலிருந்து வழக்கமான கடை வரை நடந்து பாருங்கள். எத்தனையாவது மின்கம்பத்தில் நின்றீர்கள், எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள், மறுநாள் கால் எப்படி இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். “மூணு கம்பம் தாண்டினா முட்டி மடங்கிடுது, தொடையைக் கையால அழுத்தித்தான் அடுத்த அடி” என்றால் எந்தத் தசை பலவீனம் என்பது மருத்துவருக்குப் புரியும்.

ஏற்காடு பக்கத்து ஆட்களுக்கு இது முக்கியம்: சமதளத்தில் நடப்பதையும் சரிவில் நடப்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தொடைத்தசை பலமில்லாதவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. சேலத்து ஆஸ்பத்திரியின் வழவழத் தரையில் பத்தடி நடந்தால் அது தெரியவே தெரியாது. காபித் தோட்டப் பாதையில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். படி ஏறுவது, குந்துவது, சம்மணமிடுவது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாமே கணக்கில் வரும்.

கைத்தடி, காலிப்பர் (காலில் மாட்டும் தாங்குகருவி) இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். புதுச் செருப்பு வேண்டாம். ஒருபக்கம் தேய்ந்த பழைய செருப்பே நடையைக் காட்டிவிடும். கூட்டியும் சொல்லாதீர்கள், சோதனையில் ஒத்துவராவிட்டால் உண்மையான சிரமத்தையும் சந்தேகப்படுவார்கள். வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.