பழைய காருக்குப் புது வீல், டயர்: பலர் சறுக்கும் இடங்கள்

பழைய காருக்கு வீல் மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது விட்டத்தைத்தான். 13 இஞ்ச் சின்னதாகத் தெரிகிறது, 15 போட்டால் எடுப்பாக இருக்கும், சரி, வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் மாட்டிய பிறகு எங்கேயாவது உரசினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் அகலமும் ஆஃப்செட்டும்தான்.

வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வீல் மாட்டும் அச்சு முனையில்) பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். 5.5 இஞ்ச் வீலைக் கழற்றிவிட்டு அதே ஆஃப்செட்டில் 7 இஞ்ச் மாட்டினால் உள்ளே 19 மி.மீ., வெளியே 19 மி.மீ. கூடும். வெளியே மட்கார்ட் விளிம்பு இருப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருக்கும் பிரேக் ஹோஸையும் ஸ்பிரிங்கையும் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. பேக்ஸ்பேசிங், அதாவது ரிம்மின் உள் ஓரத்திலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரை உள்ள தூரம், அந்தக் கணக்கிலும் ஏமாறலாம். 7 இஞ்ச் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே, ரிம்மின் ஓரங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 8 வரும். பேக்ஸ்பேசிங்கை அந்த ஓரத்திலிருந்துதான் அளக்கிறோம், ஆகவே ஆஃப்செட் பூஜ்யம் என்றால் அது 3.5 அல்ல, 4 இஞ்ச்.

இன்னொருவரின் அதே மாடல் காருக்குப் பொருந்தியது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இத்தனை வருடம் ஓடிய காரில் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும், பாடி வேலை நடந்திருக்கும், இடது பக்க இடைவெளியும் வலது பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், அதுவும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கியும்.

போல்ட் வட்டத்தில், அதாவது போல்ட்களின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தில், 'கிட்டத்தட்ட சரி' என்பதே கிடையாது. பழைய மினி காருக்கு 4 போல்ட், 101.6 மி.மீ. வட்டம். 100 மி.மீ. வீலையும் அதில் எப்படியோ ஏற்றிவிடலாம், ஆனால் நட்டு கோணலாக இறுகி ஓட்டத்தில் தளரும், இது உயிர் சம்பந்தப்பட்டது. நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் புது வீலோடு பொருந்த வேண்டும்.

அப்புறம் டயர். பழைய 165 ஆர் 13-இல் (165 மி.மீ. அகலம், 13 இஞ்ச் ரிம்) பக்கவாட்டு விகிதம், அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, எழுதியிருக்காது, அதைச் சுமார் 80 என்று எடுத்தால் மொத்த விட்டம் 594 மி.மீ. அந்த இடத்தில் 195/50 ஆர் 15 போட்டால் 576 ஆகிவிடும், கார் தாழும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும், ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும். 195/55 என்றால் 595.5, பழையதோடு ஒட்டிப் போகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு இந்த அகலமே அதிகம் என்பது என் கருத்து, நிறுத்தும்போது கை வலிக்கும். ஒரே ஆக்சிலில் ரேடியலையும் (உள் இழைகள் நேர் குறுக்காக ஓடுவது) பழைய பயாஸ் டயரையும் (இழைகள் சாய்வாக ஓடுவது) கலக்கவே கூடாது. பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டையும் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது.

டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் இடித்தால் அப்போதே தெரிந்துவிடும், டயர் ஏற்றிய ரிம்மைக் கடையில் திருப்பிக் கொடுப்பது கஷ்டம்.