ட்ரொண்ட்ஹெய்ம் பேச்சு: அந்த ‘ல்’ லகரமே இல்லை

ஒஸ்லோ உச்சரிப்பில் நார்வேஜிய மொழி படித்துவிட்டு, நார்வேயின் இன்னொரு நகரமான ட்ரொண்ட்ஹெய்ம் வந்தேன். முதல் வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது ‘சூடா’. பிப்ரவரியில் என்ன சூடு? அவர் சொன்னது ‘சூலா’, சூரியன்.

படி 1: தடித்த ல், அதாவது பாட்டியின் ‘சூலா’வில் எனக்கு டகரமாகக் கேட்ட அந்த ல். நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது இங்கேதான். ழ போட்டுப் பார்த்தேன், ள போட்டுப் பார்த்தேன், இரண்டும் தப்பு. ழகரத்தில் நாக்கு எதையும் தொடுவதில்லை. ளகரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதிலோ மடிந்த நாக்குநுனி முன்னால் வரும் வழியில் அண்ணத்தை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விழுகிறது. ‘வீடு’ என்று வேகமாகச் சொல்லுங்கள். அதே டகரம்தான்! ‘பட்டு’ மாதிரி அழுத்தினால் கெட்டது. சொல்லின் முதலில் இது வராது. ‘லாங்’ (நீளமான) சாதாரண லகரமே.

படி 2: ர் பக்கத்தில் ன் எழுதியிருந்தால் ண். குழந்தை, எழுத்தில் ‘பார்ன்’, வாயில் ‘பாண்’. நமக்கு இது அல்வா.

படி 3: இரட்டை ன், ல் எல்லாம் நடுநாக்குக்குப் போகும். ‘மன்’ (ஆண்) இங்கே ‘மஞ்’. ‘அஞ்ஞானம்’ என்று தொடங்கி, ‘ஞா’ வருமுன் நிறுத்துங்கள். கடைசியில் ஓர் இகரம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள்.

படி 4: ‘கஸ்தெ’ (எறிய) என்பதன் கடைசி உயிர் உதிர்ந்து ‘கஸ்த்’ ஆகும். ஆனால் அதன் ராகம் உதிராது. இரண்டு அசைக்கான ஏற்ற இறக்கம் முழுவதும் மிச்சமிருக்கும் ஒரே அசையில் இழுபடும். ஆரம்பத்தில் இதை விட்டுவிடலாம்.

கேட்டுப் பழக, செயலிகளை நம்பாதீர்கள். நான் பார்த்தவை எல்லாம் ஒஸ்லோ பக்கத்துப் பேச்சு. இங்குள்ள என்டிஎன்யு பல்கலைக்கழகம், வாடைக்காற்றும் சூரியனும் போட்டி போடும் கதையைப் பல ஊர்ப் பேச்சுகளில் பதிவுசெய்து இணையத்தில் வைத்திருக்கிறது. கதையிலேயே சூரியன் இருப்பதால் நம் ‘சூடா’ திரும்பத் திரும்ப வரும். உங்கள் குரலைப் பதிவுசெய்து ஒப்பிட பிராட் மென்பொருள் போதும், இலவசம். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த, நார்வேயின் மேற்குக் கரை நகரமான பெர்கனில் வசிக்கும் ஒருவர், தனக்கு டகரமும் கேட்கவில்லை, ணகரமும் கேட்கவில்லை என்றார். கேட்காது. அங்கே ரகரம் தொண்டைக்குள் உருள்வதால் நாக்கு மடிய வேலையே இல்லை. தடித்த லகரமும் கிடையாது, ‘மஞ்’ஞும் கிடையாது, ‘கஸ்தெ’யின் கடைசி உயிரும் உதிராது. பெர்கனில் இருப்பவர்கள் நான்கு படிகளையும் அப்படியே தாண்டிவிடுங்கள்.