எல்க் வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில்?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் செப்டம்பர் வந்தால் ஆண் எல்க் மான்கள் இணை தேடிக் குரலெழுப்பத் தொடங்கிவிடும். அந்தக் குரலைக் கேட்டபடி ரிகர்வ் வில்லோடு (முனைகள் முன்பக்கம் வளைந்த, சக்கரமில்லாத வில்) காட்டுக்குள் போக வேண்டும் என்பது என் ஆசை. "முந்நூறு கிலோ விலங்கு, இழுசுமை 60 பவுண்டுக்குக் குறைந்தால் அம்பு இறங்காது" என்றார் கடைக்காரர். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த வல்வில் ஓரியைப் படித்து வளர்ந்தவன் நான், மறுபேச்சில்லாமல் வாங்கினேன். ஆறு வாரத்தில் தோள்வலி வந்ததுதான் மிச்சம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

படி 1: உங்கள் இழுநீளத்தை அளவிடுங்கள்

வில்லின் தண்டில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், "50 பவுண்டு, 28 அங்குலம்" என்பதுபோல எழுதியிருக்கும். நாணை 28 அங்குலம் இழுத்தால் விரல்கள் தாங்கும் சுமை 50 பவுண்டு என்று பொருள். எல்லோருடைய கையும் 28 அங்குலம் இழுக்காது. ஓர் அங்குலம் குறைந்தால் 2 முதல் 3 பவுண்டு குறையும். 26 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் ஏறக்குறைய 45 பவுண்டுதான்.

இலேசான வில் ஒன்றை இரவல் வாங்கி, அம்பைப் பூட்டி, விரல் வாயோரம் வந்து அமரும்வரை இழுங்கள். வில்லின் முன்விளிம்பு அம்பைத் தொடும் இடத்தில் நண்பரைக் குறியிடச் சொல்லுங்கள். நாண் பொருந்தும் பள்ளத்திலிருந்து அந்தக் குறிவரை உள்ளதுதான் உங்கள் இழுநீளம்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது?

கொலராடோவில் குறைந்தபட்சம் 35 பவுண்டு, ஐடஹோவில் 40. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் வேட்டை விதிகளைப் பார்த்துவிடுங்கள். இது சட்டத்தின் கீழ்வரம்பு மட்டுமே. எல்க் வேட்டைக்குப் பரிந்துரை அல்ல.

படி 3: சிறியதில் தொடங்குங்கள்

சக்கரங்கள் பூட்டிய காம்பவுண்ட் வில்லில் 70 பவுண்டு இழுத்தவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். அதன் சக்கரங்கள் முழு இழுப்பில் சுமையை 80 சதவீதம் குறைத்துவிடும். கையில் நிற்பது 14 பவுண்டு. ரிகர்வ் போன்ற மரபு வில்லில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கச் சுமை ஏறும், கடைசி அங்குலத்தில்தான் உச்சம்.

ஆகவே 30 அல்லது 35 பவுண்டில் சில மாதங்கள் பழகுங்கள். தண்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய வில்லை வாங்கினால் கைப்பிடியை வைத்துக்கொண்டு தண்டுகளை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு முறையும் 5 பவுண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

படி 4: விடியற்காலைச் சோதனை

எனக்கு முக்கியமான படி இதுதான். பயிற்சித் திடலில் இருபது அம்பு எய்து உடல் சூடேறியபின் எந்த வில்லும் இலேசாகத்தான் தெரியும். காட்டில் கதை வேறு. குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள். கனத்த சட்டை கையைப் பிடிக்கும். எல்க்கின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் நாணை இழுப்பீர்கள். எல்க் அங்கேயே நின்றுவிடும். நீங்களும் இழுத்தபடியே நிற்க வேண்டும்.

எனவே படுக்கையிலிருந்து எழுந்ததும், கை கால் உதறாமல், வேட்டை உடையோடு ஒரு முழங்காலை ஊன்றி இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடிகிறதா? ஐந்து நொடி நடுங்காமல் நிற்கிறதா? அன்றைய முதல் அம்பு குறியில் விழுகிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் 5 பவுண்டு இறங்குங்கள். விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

படி 5: எண்ணை முடிவுசெய்யுங்கள்

உங்கள் இழுநீளத்தில் 45 முதல் 55 பவுண்டுவரை நின்றால் எல்க்குக்குப் போதும் என்பது என் கருத்து. 50 நல்ல நடு எண். கட்டுப்பாட்டில் இருக்கும் 45, ஆடும் 60-ஐவிட மேல். வாங்கிய பிறகு தொங்கு தராசில் மாட்டி உங்கள் நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள்; தண்டில் எழுதியதும் தராசு காட்டுவதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

படி 6: மிச்ச வேலை அம்புக்கு

வில்லின் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை 10 கிரெயின் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 50 பவுண்டு வில்லுக்கு முனையோடு சேர்த்து 500 கிரெயின், அதாவது 32 கிராம் சொச்சம். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் உடலுக்குள் புகுந்தபின் எளிதில் நிற்காது. முனை இரட்டை அலகாக, கை முடியை மழிக்கும் கூர்மையோடு இருக்கட்டும். வில்லின் தண்டை மாற்றினால் அம்பின் விறைப்பையும் சரிபார்க்க வேண்டும். நெளிந்து பறக்கும் அம்பு வலுவைத் தொலைத்துவிடும்.

தொலைவு 20 கெஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே விலா எலும்புகளுக்கிடையில். தோள் எலும்பில் பட்டால் 60 பவுண்டும் திணறும்.

நான் இப்போது எய்வது 48 பவுண்டு. அந்தப் பழைய 60 பவுண்டு வில் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் எடுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் தண்டு பிளந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்து கத்த வேண்டியிருக்கிறது.